காரின் மீட்டர் போர்டை மாற்றினால் ஓடிய கிலோமீட்டர் என்னவாகும்? சட்டமும் நடைமுறையும்

புதுடெல்லி: வெள்ளநீரில் நின்ற கார், பேட்டரியைத் தலைகீழாக இணைத்ததால் கருகிய மின்சுற்று, ஆண்டுகள் பல கடந்து மங்கிப்போன திரை. காரணம் எதுவாக இருந்தாலும், ஓட்டுநருக்கு எதிரேயுள்ள மீட்டர் போர்டு செயலிழந்துவிட்டால் பெரும்பாலான உரிமையாளர்கள் முதலில் விசாரிப்பது புதியதன் விலையைத்தான். அதைவிடப் பெரிய கேள்வி சில ஆண்டுகள் கழித்து, காரை விற்கும் நாளில் எழுகிறது. 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் மாற்றப்பட்ட மீட்டர் 12 ஆயிரம் என்று காட்டினால், அது பழுதுநீக்கமா, மோசடியா?

இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை, மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. மாற்றத்தை உரிமையாளர் முறையாகப் பதிவு செய்து வைத்தாரா, வாங்குபவரிடம் அதை வெளிப்படையாகச் சொன்னாரா என்பதைப் பொறுத்தே விடை அமையும். பழுதான மீட்டரை மாற்றுவது குற்றமன்று. மாற்றியதை மறைத்து விற்பது குற்றமாகலாம். நேர்மையான காரணத்துக்காக மீட்டரை மாற்றிய பலர், கையில் ஒரு ரசீதுகூட இல்லாததால் பின்னாளில் சந்தேகத்துக்கு ஆளாவது இதனால்தான்.

எண் எங்கே பதிவாகிறது?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துக் கார்களில் வேகமானி ஓர் எளிய இயந்திரம். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் சுழலும். பற்சக்கரங்கள் எண்வளையங்களை நகர்த்தும். கேபிளைக் கழற்றிவிட்டால் கார் ஓடும், எண் ஓடாது. இன்றைய கார்களில் மீட்டர் போர்டு என்பது ஒரு சிறு கணினி. சக்கரங்களிலோ கியர்பாக்ஸிலோ உள்ள சென்சார்கள் தரும் தகவலைப் பெற்று வேகத்தைக் காட்டுவதோடு, ஓடிய தொலைவை மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகச் சில்லு ஒன்றில் அது எழுதி வைக்கிறது.

பல மாடல்களில் அந்த எண் மீட்டரோடு நின்றுவிடுவதில்லை. என்ஜின் கட்டுப்பாட்டுக் கருவி, உடற்பகுதி மின்சாதனங்களை இயக்கும் கருவி, ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பு, தானியங்கி கியர்பாக்ஸ் ஆகியவற்றில் ஒன்றிலோ சிலவற்றிலோ ஓடிய தொலைவின் தடயம் இருக்கும். சில உயர்விலைக் கார்களில் சாவியிலும் அது பதிவாகிறது. மீட்டரில் உள்ள எண்ணும் பிற கருவியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், சில மாடல்கள் இரண்டில் அதிகமானதை எடுத்துக்கொள்கின்றன. வேறு சில, எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடுகளைக் காட்டுகின்றன.

இதனால் வேறொரு காரின் மீட்டரைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்துவிடும் என்ற எண்ணம் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் அமைப்பின் ஒரு பகுதி சில நிறுவனங்களின் கார்களில் மீட்டர் போர்டுக்குள்ளேயே இருக்கிறது. அத்தகைய காரில் பொருத்தமான புரோகிராமிங் செய்யாமல் மீட்டரை மாற்றினால் சாவியைக் கார் அடையாளம் காணாது, என்ஜின் இயங்காது. மீட்டரை மாற்றப் போய் காரை டோ வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக நேர்ந்தால், மிச்சம் பிடிக்க நினைத்த தொகை அங்கேயே போய்விடும்.

உண்மையில் மாற்ற வேண்டுமா?

மீட்டரில் கோளாறு தெரிகிறது என்பதற்காக மீட்டரே பழுது என்று முடிவுகட்டிவிட முடியாது. எரிந்துபோன ஃபியூஸ், துருப்பிடித்த எர்த் இணைப்பு, எலி கடித்த வயர், பழுதான வேக சென்சார், பலவீனமான பேட்டரி ஆகிய அனைத்தும் முள் நடுங்குவதற்கும் திரை அணைந்து அணைந்து எரிவதற்கும் காரணமாகலாம். வேகமானி முள் மட்டும் அசையாமல் மற்றவை இயல்பாக இருந்தால், சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் சென்சார். கண்டறியும் ஸ்கேனர் கருவியை இணைத்துப் பார்த்தால், வேகத் தகவல் மீட்டருக்கு வந்து சேர்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே புதிய மீட்டருக்கு ஆர்டர் போடச் சொல்லும் பணிமனையில் சற்று நிதானிப்பது நல்லது.

வெள்ளத்தில் சிக்கிய கார்களில் உரிமையாளர் செய்யக்கூடிய பெரிய தீங்கு, மீட்டர் எரிகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்புவது. ஈரமான மின்சுற்றில் மின்சாரம் பாய்ந்தால், உலர்த்திக் காப்பாற்றியிருக்கக்கூடிய பலகையும் சேர்ந்து கருகிவிடும். பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு காரைப் பணிமனைக்கு இழுத்துச் செல்வதே சரியான வழி.

மீட்டரே பழுது என்று உறுதியானாலும், அதை முழுவதுமாக மாற்ற வேண்டிய கட்டாயம் எப்போதும் இல்லை. முள்ளை நகர்த்தும் சிறு மோட்டார், திரை, பின்விளக்கு, விரிசல் விட்ட சால்டரிங் ஆகியவற்றை மட்டும் சரிசெய்து தரும் மின்னணுப் பழுதுநீக்குநர்கள் எல்லாப் பெருநகரங்களிலும் உள்ளனர். சட்டத்தின் பார்வையில் இதுவே சிக்கல் குறைந்த வழி. நினைவகச் சில்லு அப்படியே இருப்பதால் ஓடிய தொலைவு மாறுவதில்லை; எனவே பின்னாளில் விளக்க வேண்டியதும் எதுவும் இல்லை. பல சர்வீஸ் சென்டர்கள் பாகத்தைப் பிரித்துப் பழுதுபார்க்காமல் முழுத் தொகுதியையும் மாற்றவே பரிந்துரைக்கின்றன என்பதால், இப்படியொரு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. உத்தரவாதக் காலத்தில் உள்ள கார்களுக்கு மட்டும் இது பொருந்தாது. வெளியாட்கள் மீட்டரைப் பிரித்ததாகத் தெரிந்தால் உத்தரவாதம் மறுக்கப்பட வாய்ப்புண்டு.

புதிய மீட்டர், பழைய எண்

நிறுவனத்திலிருந்து வரும் புதிய மீட்டர் பொதுவாகப் பூச்சியத்தில் இருக்கும். சர்வீஸ் சென்டர் தனது கணினியை இணைத்து, காரின் சேசிஸ் எண்ணோடு அதைப் பொருத்துகிறது. அப்போது ஓடிய தொலைவை ஏற்றுவதற்கு மாடலைப் பொறுத்து வெவ்வேறு நிலைகள் உண்டு. சிலவற்றில் காரின் பிற கருவிகளில் உள்ள எண்ணை மீட்டர் தானாகவே எடுத்துக்கொள்ளும். சிலவற்றில் ஒரே ஒரு முறை மட்டும், அதுவும் மேல்நோக்கி மட்டும், எண்ணை எழுத அனுமதி உண்டு. மற்ற சிலவற்றில் அதற்கு வழியே இல்லை. பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உண்மையான எண்ணைப் புதிய மீட்டரில் ஏற்றுவதற்கு இந்தியாவில் சட்டத் தடை ஏதும் இல்லை. முடிந்த இடங்களிலெல்லாம் அதுவே விரும்பத்தக்கது. இங்கே ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். கிலோமீட்டரைக் குறைத்துக் காட்ட மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் கருவியும், பழைய எண்ணை நேர்மையாகப் புதிய மீட்டருக்கு மாற்றும் நிபுணர் பயன்படுத்தும் கருவியும் பல வேளைகளில் ஒன்றேதான். கருவியைப் பார்த்து நோக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. செய்த வேலை என்ன என்பதை எழுத்தில் வாங்கி வைப்பது அவசியமாவது இங்கேதான்.

மீட்டர் முற்றிலும் அணைந்துபோய், கடைசி எண்ணே தெரியாத நிலையில் என்ன செய்வது? பழைய மீட்டரின் நினைவகச் சில்லு பிழைத்திருந்தால் அதை நேரடியாகப் படித்து எண்ணை மீட்க முடியும். அதுவும் முடியாவிட்டால் பிற கட்டுப்பாட்டுக் கருவிகளை ஸ்கேன் செய்து பார்க்கலாம். எதுவும் கிடைக்காத நிலையில், கடைசி சர்வீஸ் ரசீதில் உள்ள எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, ‘இதற்குப் பிறகு ஓடிய தொலைவு உறுதியாகத் தெரியவில்லை’ என்று எழுதி வைப்பதே நேர்மையானது. தோராயமாக ஓர் எண்ணை மீட்டரில் ஏற்றிவிட்டு, அதையே உண்மையான எண் என்று சொல்வது தவிர்க்கப்பட வேண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் ஓடோமீட்டரைத் திருத்துவதைத் தனிக் குற்றமாக வரையறுக்கும் பிரிவு இல்லை. ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழிலும் ஓடிய தொலைவைக் குறிக்க இடமில்லை. உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றைப் புரட்டினால், வாகனத்தின் எண்ணும் விற்பவர், வாங்குபவரின் விவரங்களும் இருக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கேள்வி இருக்காது. அரசுப் பதிவேடுகளில் இல்லாத ஒரு தகவலை நம்பித்தான் பழைய கார் சந்தையில் விலை பேசப்படுகிறது.

மீட்டரை மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டுமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகனத்தில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால், வாகனத்தின் கட்டமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையையே வேறாக்குவதையே ‘மாற்றம்’ என்று அந்தப் பிரிவின் விளக்கம் குறிப்பிடுகிறது. பழுதான மீட்டருக்குப் பதிலாக அதே வகை மீட்டரைப் பொருத்துவது அதற்குள் வராது.

அதே வேளையில், மீட்டர் பழுதான நிலையிலேயே மாதக்கணக்கில் காரை ஓட்டுவதும் சரியன்று. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 117-ஆவது விதி வேகமானியைக் கட்டாயமாக்குகிறது. வாடகைக் கார் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்று பெறும்போதும் வேகமானி இயங்குகிறதா என்று பார்க்கப்படும்.

தனிப் பிரிவு இல்லை என்பதால் மோசடிக்குத் தண்டனை இல்லை என்று கருதிவிடக் கூடாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவுக்கு மாற்றாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு ஏமாற்றுதலைக் கையாள்கிறது. உண்மைகளை நேர்மையற்ற முறையில் மறைப்பதும் வஞ்சித்தலே என்று அந்தப் பிரிவின் விளக்கம் தெளிவாகக் கூறுகிறது. ஏமாற்றிப் பணத்தையோ சொத்தையோ ஒப்படைக்கச் செய்தால், 318-இன் நான்காம் உட்பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். 80 ஆயிரத்தை 40 ஆயிரமாகக் குறைத்துக் காட்டி கூடுதல் விலை பெறுபவரின் செயல் இந்த வரையறைக்குள் வரக்கூடியது.

உரிமையியல் பக்கத்தில், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17-ஆவது பிரிவு கவனிக்கத்தக்கது. ஓர் உண்மையை அறிந்திருந்தும் அதை முனைந்து மறைப்பது மோசடி என்கிறது அது. வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது என்றாலும், பேச வேண்டிய கடமை இருக்கும்போதும், மௌனமே பேச்சுக்கு நிகராகும்போதும் அதுவும் மோசடியே என்று அதே பிரிவு விலக்கு வைத்திருக்கிறது. கண்ணெதிரே ஒளிரும் மீட்டரைப் பார்த்து ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்க, அது இரண்டாவது மீட்டர் என்பதை விற்பவர் சொல்லாமல் இருப்பது எந்த வகையில் சேரும் என்பதை வழக்கின் சூழலே தீர்மானிக்கும். அந்த வழக்குக்கே இடம் தராமல் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுவது விற்பவருக்கு எளிது.

எழுதி வைக்க வேண்டியவை

மீட்டரைக் கழற்றும் முன், எண் தெரிந்தால், தேதி பதிவாகும் வகையில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பணிமனையின் ஜாப் கார்டில் பழைய மீட்டரின் எண் குறிக்கப்பட்டுள்ளதா என்று கையொப்பமிடும் முன் பார்க்க வேண்டும். பல இடங்களில் மீட்டர் எரியாததால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அல்லது பூச்சியம் என்று நிரப்பிவிடுகிறார்கள். நிறுவனத்தின் சர்வீஸ் பதிவேட்டில் அது அப்படியே ஏறிவிட்டால், 68 ஆயிரத்திலிருந்து திடீரெனப் பூச்சியத்துக்கு விழும் ஒரு காரின் வரலாறு காலமெல்லாம் விளக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ரசீதில் இருக்க வேண்டியவை: பதிவு எண், சேசிஸ் எண், மாற்றிய தேதி, மாற்றியதற்கான காரணம், பழைய மீட்டரின் இறுதி எண், புதிய மீட்டரின் பாக எண், புதிய மீட்டர் எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது என்ற விவரம். ‘மீட்டர் மாற்றம் – 1’ என்று ஒற்றை வரியில் போடப்பட்ட ரசீது விலைக்குச் சான்றாகுமே தவிர, தொலைவுக்குச் சான்றாகாது. சர்வீஸ் புத்தகத்திலும் அதே விவரத்தை எழுதி முத்திரை வாங்கிவிடுவது கூடுதல் பாதுகாப்பு. காப்பீட்டு உரிமைகோரல் இல்லாத நிலையில், பழைய மீட்டரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதன் நினைவகமே வலுவான சான்று.

எடுத்துக்காட்டாக, ஒரு காரின் பழைய மீட்டர் 68,412 கிலோமீட்டரில் பழுதாகி, பூச்சியத்திலிருந்து தொடங்கிய புதிய மீட்டர் இப்போது 21,300 காட்டுகிறது என்றால், கார் ஓடிய மொத்தத் தொலைவு 89,712 கிலோமீட்டர். விற்பனை விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் குறிப்பிட வேண்டியது இந்த மொத்தத்தைத்தான். ‘இந்த வாகனத்தின் மீட்டர் இன்ன தேதியில் 68,412 கி.மீ.-இல் பழுதாகி மாற்றப்பட்டது. தற்போதைய மீட்டர் 21,300 கி.மீ. காட்டுகிறது, மொத்தத் தொலைவு 89,712 கி.மீ.; ரசீதின் நகல் வாங்குபவரிடம் கொடுக்கப்பட்டது’ என்ற ஒரு வாசகமும் கீழே இருவரின் கையொப்பமும் போதும். இதைச் சொன்னால் விலை குறைந்துவிடும் என்ற அச்சம் இயல்பானது. ஆவணத்தோடு சொல்லப்படும் மீட்டர் மாற்றத்தைவிட, வாங்கிய பிறகு ஸ்கேனரில் அகப்படும் மீட்டர் மாற்றம் விற்பவருக்கு மிகப் பெரிய இழப்பைத் தரும்.

காப்பீட்டு நிறுவனம் அறிய வேண்டும்

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2022 ஜூலையில், ஓட்டும் தொலைவுக்கேற்ப பிரீமியம் செலுத்தும் கூடுதல் பாதுகாப்புகளை வழங்க நிறுவனங்களை அனுமதித்தது. இத்தகைய பாலிசிகளில் ஓடோமீட்டர் எண்ணே கணக்கின் அடிப்படையாக அமைகிறது. பாலிசி நடப்பில் இருக்கும்போது மீட்டரை மாற்றினால், பழைய எண், புதிய எண், தேதி ஆகியவற்றை மின்னஞ்சலில் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத நிலையில் விபத்து நேர்ந்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்தால், பாலிசி தொடங்கியபோது எடுத்த புகைப்படத்தில் இருந்ததைவிடக் குறைந்த எண் மீட்டரில் இருக்கும். அதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் உரிமைகோரல் தாமதமாவது உறுதி.

மீட்டரின் விலையே காப்பீட்டில் கிடைக்குமா என்பது பழுதின் காரணத்தைப் பொறுத்தது. வெள்ளம், விபத்து, தீ ஆகியவற்றால் ஏற்பட்ட சேதம் முழுமைக் காப்பீட்டின் சொந்தச் சேதப் பகுதியில் அடங்கும். தானாக ஏற்படும் மின், இயந்திரக் கோளாறு அடங்காது. தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பை எடுக்காதவர்களுக்குப் பாகத்தின் விலையில் ஒரு பகுதி கழிக்கப்படும். பிளாஸ்டிக் பாகங்களுக்கு வழக்கமான கழிவு 50 சதவீதம். இழப்பீடு வழங்கிய பிறகு பழைய பாகத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதை ஒப்படைக்கும் முன் எண்ணைப் பதிவு செய்துவிட வேண்டும்.

பழைய மீட்டர் வாங்குவோர் கவனத்துக்கு

புதிய மீட்டரின் விலை பல மாடல்களில் பல்லாயிரம் ரூபாய். இதனால் டெல்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளை நாடுவோர் அதிகம். அங்கே வாங்குவது தவறன்று; ரசீது இல்லாமல் வாங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. திருடப்பட்ட வாகனங்களைப் பிரித்து விற்பதாக நீண்டகாலம் குற்றம்சாட்டப்பட்ட மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தை, காவல் துறையின் தொடர் நடவடிக்கையை அடுத்து 2021 டிசம்பரில் மூடப்பட்டது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி குற்றம். மீட்டருக்குள் இன்னொரு காரின் சேசிஸ் எண் பதிவாகியிருக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய மீட்டரில் தொலைவுச் சிக்கலும் இரட்டிப்பாகிறது. அது தன் முந்தைய காரின் எண்ணைக் காட்டும். 40 ஆயிரம் ஓடிய காரில் 1 லட்சத்து 30 ஆயிரம் காட்டும் மீட்டரைப் பொருத்தினால், சில மாடல்களில் அந்த அதிக எண்ணே காரின் பிற கருவிகளிலும் ஏறிவிடும். திரும்பக் குறைப்பது எளிதன்று. பொருத்தும் முன்பே எண்ணைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டுத் தெளிவதும், கொடையளித்த மீட்டர் காட்டிய எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்வதும் அவசியம்.

பிற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் இதற்கென்றே மத்தியச் சட்டம் உண்டு. பழுதுபார்த்த பிறகு அதே எண்ணை வைக்க முடியாவிட்டால், ஓடோமீட்டரைப் பூச்சியத்தில் வைத்து, முந்தைய எண்ணையும் மாற்றிய தேதியையும் குறிப்பிடும் அறிவிப்பை இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அந்த அறிவிப்பை ஏமாற்றும் நோக்கில் அகற்றுவதும் குற்றம். இந்தியாவில் இது கட்டாயமில்லை என்றாலும், ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறம் இப்படியொரு ஒட்டுவில்லையை வைப்பதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. செலவும் பெரிதில்லை.

பெல்ஜியத்தின் ஏற்பாடு இன்னும் ஒரு படி மேலே. அங்கே பணிமனைகள் ஒவ்வொரு முறையும் ஓடிய தொலைவை மையத் தரவுத்தளத்துக்குத் தெரிவிக்கின்றன. பழைய காரை விற்பவர் ‘கார்-பாஸ்’ என்ற தொலைவு வரலாற்று ஆவணத்தை வாங்குபவரிடம் தர வேண்டும். 2006 முதல் இது நடைமுறையில் உள்ளது.

இந்தியாவில் அதற்கு நிகரான பொது ஏற்பாடு இல்லை. எனினும், பழைய கார் வணிகர்களுக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கி 2022 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட விதித் திருத்தம் ஒரு தொடக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த விதிகளின்படி, தங்கள் வசம் உள்ள வாகனத்தின் ஒவ்வொரு பயணத்துக்கும் நோக்கம், ஓட்டுநர், நேரம், ஓடிய தொலைவு ஆகியவற்றை வணிகர் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். கார் வணிகரிடம் வருவதற்கு முன் எவ்வளவு ஓடியது என்பதை இந்தப் பதிவேடு சொல்லாது. வந்த நாளில் மீட்டர் காட்டிய எண் எது என்று கேட்க வாங்குபவருக்கு ஒரு பிடிமானத்தை மட்டும் தருகிறது.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்து, உரிமையாளரின் ஒப்புதலோடு சர்வீஸ் வரலாற்றைப் பெறுவது முதல் வேலை. தேதி ஏற ஏற எண்ணும் ஏற வேண்டும். இடையில் எங்காவது விழுந்திருந்தால் அந்தத் தேதியில் மீட்டர் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய டீசல் கார்களுக்கு டெல்லியில் உள்ள கட்டுப்பாடுகளால் அங்கிருந்து பிற மாநிலங்களுக்குப் பெருமளவில் கார்கள் விற்கப்படுகின்றன. வேறு மாநிலத்தில் ஓடிய காருக்கு இந்த வரலாறு இன்னும் முக்கியம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 25 ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் காரில் நான்கு டயர்களும் காரைவிடப் புதியவையாக இருந்தால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு விரைவில் மாற்றப்பட்டன என்று கேட்பதில் தவறில்லை. தேய்ந்து வழவழப்பான பிரேக் பெடல், பளபளக்கும் ஸ்டீயரிங், தொய்ந்த ஓட்டுநர் இருக்கை ஆகியவையும் பேசும். மீட்டரோடு நிற்காமல் பிற கட்டுப்பாட்டுக் கருவிகளையும் ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும். எண்ணைத் திருத்தியவர்கள் மீட்டரில் மட்டும் கைவைத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டிருந்தால் அது அங்கே தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைகளுக்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு. தவறான தகவலாலோ மௌனத்தாலோ ஏமாற்றப்பட்டவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று கூறும் ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, சாதாரண கவனத்தோடு உண்மையைக் கண்டறிய வாய்ப்பிருந்தவருக்கு அந்த உரிமை இல்லை என்று ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. பார்த்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் தராமல், பார்த்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்வது வாங்குபவருக்கு நல்லது.

வணிகரிடம் வாங்கி ஏமாந்தவர்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வணிகர் வேறு மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் அளிக்க முடியும். காலவரம்பு 2 ஆண்டுகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதற்கட்ட ஆலோசனை கிடைக்கும். தொழில்முறை வணிகரல்லாத தனிநபரிடம் வாங்கியவர்களுக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது. அவர்கள் காவல் துறையையோ உரிமையியல் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது, விற்பவர் ஓடிய தொலைவை எழுத்தில் கொடுத்த தாள் இருக்கிறதா என்பதாகவே இருக்கும்.